பிள்ளைக்கு பைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள்

வண்டியைக் கிளப்பி, கியர் போட்டு, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர ஒரு சுட்டியான பிள்ளைக்கு ஒரே ஒரு காலைப்பொழுது போதும். பெற்றோர் ஏமாறுவதும் அங்கேதான். "பரவாயில்லையே, நல்லாத்தான் ஓட்டுறான்" என்று அடுத்த வாரமே ரோட்டுக்கு விட்டுவிடுகிறோம். கையும் காலும் பழகிவிட்டதைப் பார்த்து, ஓட்டவே கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கண் பழகுவதற்கு மாதங்கள் ஆகும்.

நான் முதலில் மகளுக்கும், சில வருடம் கழித்து மகனுக்கும் கற்றுக்கொடுத்தேன். மகளிடம் செய்த தவறுகளில் பாதியை மகனிடம் தவிர்த்தேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது முறையின் வரிசைப்படி எழுதியது.

ஒரு பழைய ஆய்வைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. அதில் மூன்று விஷயங்கள் பெற்றோருக்கு முக்கியம். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். ஆபத்து தெரிந்ததற்கும் மோதலுக்கும் இடையே கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் பலர் பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவேயில்லை.

முதல் விஷயம் நம்மைப் பற்றியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தும் வகுப்பு கிடைக்கிறதென்றால் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். வகுப்பில் கற்றதை நூறு தடவை பக்கத்தில் நின்று செய்யவைப்பதுதான் நம் வேலை. அந்தப் பொறுமை வகுப்புக்கு வாய்க்காது. உங்களுக்கு பைக் ஓட்டவே தெரியாது என்றாலும் கவலை வேண்டாம். பின்னால் சொல்லப்போவதில் பெரும்பகுதியை ஓட்டத் தெரியாதவரும் நடத்தலாம்.

பிள்ளை தயாரா, நீங்கள் தயாரா

சட்டப்படியான வயதும் பழகுநர் உரிமமும் முதலில். இது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பல நாடுகளின் சட்டத்துக்குள் இருக்கும் யோசனை ஒன்றுதான்: சக்தியைப் படிப்படியாகக் கொடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிம முறையில் இளையவர்களுக்கு முதல் படி 125 சிசி, 11 கிலோவாட் வரைதான். அடுத்தது 35 கிலோவாட். வரம்பில்லாத வண்டி அதற்கும் பிறகு. உங்கள் ஊர்ச் சட்டம் இதைக் கேட்காவிட்டாலும் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

வயது வந்துவிட்டால் மட்டும் போதாது. சைக்கிளில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி நேர்கோட்டில் போக வருகிறதா? ஒரு கையை எடுத்து சைகை காட்ட முடிகிறதா? இல்லையென்றால் முதல் மாதம் சைக்கிள்தான். இன்னொன்று குணம். தவறு செய்தால் "ஆமாம், நான்தான்" என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். எப்போதும் அடுத்தவர் மேல் பழி போடும் பிள்ளை என்றால், இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவதில் எனக்குத் தயக்கமே இருக்காது.

அப்புறம் உங்களைக் கவனியுங்கள். ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தையே நோட்டம் விடுங்கள். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறீர்களா? மஞ்சள் விளக்கில் முறுக்குகிறீர்களா? பத்து வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை அதையெல்லாம் பார்த்து ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. என் மகள் முதல் நாளே கண்ணாடியைத் தன் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். "உங்க வண்டியில அப்படித்தானே இருக்கும்" என்றாள்.

எந்த வண்டி

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். விழுந்தால் பிள்ளை தானே தூக்கி நிறுத்தும் எடை இருக்க வேண்டும். 100 முதல் 125 சிசிக்குள் இருந்தால் போதும். கீழே போட்டால் மனசு வலிக்காத பழைய வண்டியே மேல். பிரேக்கும் டயரும் மட்டும் புதிதுபோல இருக்க வேண்டும். ஏபிஎஸ் இருக்கும் வண்டி கிடைத்தால் அதை எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழல்வது நின்று பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும் என்பதால், பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிவிடும் புதியவருக்குத்தான் அதன் உதவி அதிகம் தேவை.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொடங்கலாம். கிளட்ச் பற்றிய கவலை இல்லாததால் கவனம் முழுக்க சாலைக்குப் போகும். ஆனால் சிறிய சக்கரம் பள்ளத்தில் அதிகம் தடுமாறும் என்பதையும், பைக்குக்கு மாறும்போது கிளட்ச் பாடம் முதலிலிருந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உடுப்பு

1935இல் டி. ஈ. லாரன்ஸ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் படை அதிகாரி, சைக்கிளில் போன இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க ஒதுங்கி பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் கழித்து இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ், அதன்பின் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை 1941இல் கட்டுரையாக எழுதினார். பிரிட்டனில் ஹெல்மெட் சட்டமானது 1973இல்தான். "இந்த நாலு தெரு தள்ளிப் போறதுக்கா ஹெல்மெட்" என்று மகன் முணுமுணுத்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். கூடவே ஹர்ட் அறிக்கையில் வரும் இன்னொன்றையும்: பெரும்பாலான விபத்துகள் குறுகிய பயணத்தில், கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தன.

வளரும் பிள்ளை என்று சட்டை, செருப்பு எல்லாம் ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். ஹெல்மெட்டில் மட்டும் அது கூடாது. முகம் முழுக்க மூடும் வகை, தரச் சான்று உள்ளது, புதிது. போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக அசைத்தால் கன்னத்துச் சதையும் கூடவே அசைய வேண்டும். பட்டையை மாட்டிவிட்டு, பின்பக்கத்தின் அடியைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது பிள்ளைக்கு உதவாது. ஒரு பலத்த மோதல் வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கும். அதற்கு அடுத்த வாய்ப்பு கிடையாது.

விழும்போது யாரும் கையைத்தான் ஊன்றுவோம், அதனால் கையுறை. கணுக்காலை மூடும் ஷூ, லேஸை உள்ளே செருகி. தடித்த முழுக்கைச் சட்டை அல்லது ஜாக்கெட், முழு பேண்ட். மைதானத்தில் முதல் நாளிலிருந்தே இவ்வளவும் போடவையுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

எஞ்சினே இல்லாத ஒரு நாள்

வாகனங்கள் வராத, சமதளமான, பெரிய இடம் வேண்டும். முதல் நாள் சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். வளைத்துத் தள்ளட்டும். ஸ்டாண்டு போடட்டும், எடுக்கட்டும். தள்ளும்போதே முன் பிரேக்கை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து நிறுத்தட்டும். பிறகு ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிவைத்து அதே பிரேக்கைச் சட்டென்று பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் மறுபக்கம் தாங்கிக்கொண்டு. வண்டி எப்படி அந்தப் பக்கமாகச் சரிகிறது என்று கை உணரும். இந்தப் பாடத்தை மகளுக்கு நடத்தாமல் விட்டேன். இரண்டாம் நாள் திரும்பும்போது முன் பிரேக்கை இறுக்கி, நடைவேகத்தில் வண்டியோடு சாய்ந்தாள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதன்பின் பல வாரம் முன் பிரேக்கைத் தொடவே பயந்தாள். அந்தப் பயத்தை எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

அடுத்து, உட்கார்ந்து கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கிளட்ச், ஹார்ன், இண்டிகேட்டர், எஞ்சினை அணைக்கும் சுவிட்ச், பின் பிரேக். தேடாமல் தொட வேண்டும். லேசான சரிவு இருந்தால் எஞ்சின் ஓடாமலே, நியூட்ரலில் உருண்டுவந்து, நீங்கள் சொல்லும் இடத்தில் நிறுத்தட்டும். சத்தமும் அதிர்வும் இல்லாததால் பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நிறுத்துவது கைக்கு வந்தபின் சாவியைக் கொடுங்கள்.

கிளட்ச், அப்புறம் பத்து மீட்டர்

எஞ்சின் ஓடுகிறது, முதல் கியர், இரண்டு காலும் தரையில். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மிக மெதுவாக விடச் சொல்லுங்கள். வண்டி முன்னே போக ஆசைப்படும் அந்தப் புள்ளி வந்ததும் மறுபடி பிடிக்க வேண்டும். விடு, பிடி, விடு, பிடி. இருபது தடவை. இது சலிப்பான வேலை, பிள்ளை முகத்தைச் சுளிக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பாதிக் கிளட்ச்தான் பின்னால் நெரிசலில், மேட்டில், யூ டர்னில் எல்லாம் காப்பாற்றப்போகிறது.

பிறகு பத்து மீட்டர் போய் நிறுத்து. மீண்டும் பத்து மீட்டர். இந்தக் கட்டத்தில் வரும் பெரிய ஆபத்து ஒன்று: வண்டி திடீரென்று முன்னே பாயும்போது உடல் பின்னால் போகும், உடலோடு வலது கையும் பின்னால் போகும், அது ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கிவிடும். பிள்ளை பயந்து இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடும். இதற்கு மருந்து ஒற்றைச் சொல். "கிளட்ச்!" என்று நீங்கள் குரல் கொடுத்ததும் இடது கை முழுவதும் மூட வேண்டும், வேறு எதையும் யோசிக்கக் கூடாது. நிற்கும்போதே, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். வலது மணிக்கட்டு ஹேண்டிலைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும். எதிர்பாராத முறுக்கல் அதிலேயே பாதி குறையும்.

பார்வை போகும் பக்கம் வண்டி போகும்

மெதுவாகத் திருப்பும் பயிற்சிகளில் கைக்குச் சொல்வதைவிடத் தலைக்குச் சொல்ல வேண்டியதே அதிகம். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு திரும்பினால் தடுமாறும். போக வேண்டிய இடத்தை நோக்கித் தாடையைத் திருப்பினால் வண்டி தானே பின்தொடரும். பள்ளத்தையே வெறித்துப் பார்த்தால் சரியாக அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும்; இது புதியவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் நடக்கும். நான் எதிரே நடந்துகொண்டே விரல்களைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பேன். கீழே பார்த்துக்கொண்டு எண்ண முடியாதே.

பாதிக் கிளட்ச், சீரான ஆக்சிலரேட்டர், லேசாகப் பின் பிரேக். இந்த மூன்றோடும் எட்டுப் போடட்டும். முதலில் அகலமாக, பிறகு சுருக்கி.

பிரேக்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒட்டுமொத்தப் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் இதற்கே கொடுத்தேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவ" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனதோடு சொல்லும் கெட்ட அறிவுரை அது.

விழவைப்பது முன் பிரேக் அல்ல, அதைப் பிடுங்குவது. ஈரத்துணியைப் பிழிவதுபோல முதலில் மெல்ல, எடை முன்னே வந்ததும் அழுத்தமாக. பின் பிரேக்கும் கூடவே. ஹேண்டில் நேராக, பார்வை தூரத்தில், கடைசியில் கிளட்ச். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அதைத் தாண்டியதும் நிறுத்தி, எங்கே நின்றது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். சீராகப் பத்து தடவை வந்தபின் 30, பிறகு 40.

கோடுகளே ஒரு பாடம் நடத்தும். 20இல் பிரேக் பிடித்து நின்ற தூரத்தைவிட 40இல் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் மகன் கணக்குப் போட்டான். நான்கு மடங்கு ஆகும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்பதை வாயால் சொல்வதைவிட, அவனே காலடியால் அளந்தது மனதில் நின்றது. இதில் யோசிக்கும் நேரம் சேரவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே.

ஏபிஎஸ் இல்லாத வண்டி என்றால்: முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் பூட்டி வண்டி கோணலாகிவிட்டால் அதைச் சட்டென்று விடக் கூடாது. விட்டால் டயர் திடீரென்று பிடிப்புக் கிடைத்து ஆளைத் தூக்கி எறியும்.

கொஞ்சம் வேகம் வந்தபின் சாய்க்கும் வித்தையையும் சொல்லிவிடுங்கள். நடைவேகத்தைத் தாண்டினால் பைக் திரும்புவது ஹேண்டிலைத் திருப்பி அல்ல. இடப்பக்கம் போக இடக்கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாயும், திரும்பும். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தள்ளிப் பார்த்தால் புரிந்துவிடும். குறுக்கே ஏதாவது வந்தால் விலகிப்போக இதைத் தவிர வேறு வழியில்லை. விலகும்போது பிரேக் வேண்டாம். விலகுவதற்கு முன்னாலோ விலகிய பின்னாலோ பிரேக் பிடிக்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது.

சாலை

முதல் சாலைப் பயணம் விடுமுறை நாளின் அதிகாலை. பதினைந்து நிமிடம், ஏற்கெனவே தெரிந்த பாதை, முடிந்தவரை குறைந்த திருப்பங்கள். நீங்கள் பிள்ளையின் பின்னால் உட்கார வேண்டாம். உங்கள் எடை வண்டியின் சமநிலையையும் பிரேக் தூரத்தையும் மாற்றிவிடும், அவன் பழகியதெல்லாம் வீண். வேறு வண்டியில் இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள். ஓடும்போது திட்டாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள். நின்றபின் பேசலாம்.

இங்கேதான் கண்ணுக்கான படிப்பு தொடங்குகிறது. ஹர்ட் அறிக்கையில் மற்ற வாகனங்களோடு நடந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த வாகனமே பைக்கின் பாதையில் புகுந்திருந்தது. பலரும் பைக்கைப் பார்க்கவேயில்லை என்றார்கள். ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது: சந்திப்பில் நிற்கும் காரின் ஓட்டுநர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதே. அவர் முகத்தைவிடக் காரின் முன்சக்கரத்தைப் பார். நகரப்போவதை அது முதலில் காட்டிவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு விரலை பிரேக் மேல் வைத்துக் கட. பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். நிறுத்திவைத்த கார்களை ஒட்டிப் போகாதே, கதவு திறக்கும். லாரி ஓட்டுநரின் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவருக்குத் தெரியவில்லை.

இதைப் பழக்க வண்டியே தேவையில்லை. காரிலோ பேருந்திலோ போகும்போது "இப்ப எங்க ஆபத்து?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். விடலைப்பருவப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் தவறைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் உற்சாகம் இங்கே நன்றாகப் பயன்படும். என் மகன் என் ஓட்டத்தில் ஒரே நாளில் ஏழு குற்றம் கண்டுபிடித்தான். ஐந்து சரி.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் நீ தாண்ட மூன்று நொடி ஆக வேண்டும், மழையில் இன்னும் அதிகம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நனைந்து வழுக்கும். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, வளைவில் சிதறிய மணல் மூன்றின் மேலும் சாயக் கூடாது.

உரிமம் வந்த பிறகு

எல்லாம் முடிந்தது என்று தோன்றும் நாளில்தான் வீட்டு விதிகள் தொடங்க வேண்டும். நாங்கள் எழுதி ஒட்டியவை இவை: முதல் ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. முதல் மூன்று மாதம் இருட்டியபின் இல்லை. போன் பையின் உள்ளே. நண்பர்களோடு வரிசையாகப் போவதென்றால், எந்த இடத்தில் சந்திப்பது என்று முடிவு செய்துவிட்டு அவரவர் வேகத்தில் போவது. குடித்தவர் வண்டியில் ஏறுவதும், குடித்து ஓட்டுவதும் எந்த வயதிலும் இல்லை.

பதிலுக்கு நான் கையெழுத்துப் போட்டது ஒரு வரி: எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் வந்து அழைத்துப்போவேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். இரண்டு வருடத்தில் மகன் இரண்டு தடவை கூப்பிட்டான். ஒரு தடவை வெறும் தூக்கக் கலக்கம்தான். போனேன், கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொள்வது கிளட்ச் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

கடைசியாக, வண்டி மாற்றும் நாள். ஹர்ட் ஆய்வில் விபத்துக்குள்ளானவர்கள் சராசரியாக மூன்று வருடம் போல ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தார்கள். அதனால் மகன் புது வண்டியோடு வந்த அன்று, சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "அப்பா, மறுபடியுமா?" என்றான். ஆமாம், அதே மைதானம், அதே சாக்பீஸ்.